வினவுவோர் யாவர்? – சைவ வினாவிடை பற்றிய ஒரு மதிப்பீடு

இளைஞர்க்குச் சமயத்தை அறிவுறுத்தற்கு ஈழநாட்டில் எழுந்த நூல்களுள், நல்லூர் ஆறுமுக நாவலர் (1822 - 1879) இயற்றிய சைவ வினாவிடையைப் போல நெடுங்காலம் நின்று பயன்பட்டது பிறிதொன்றில்லை எனலாம். நம் பாட்டனாரும் தந்தையாரும் இதனை மனனஞ் செய்தனர். இன்று நம் பாடசாலைகளிற் கற்பிக்கப்படும் சைவநெறிப் பாடமும் பலவிடத்து இதன் அடிச்சுவட்டிலேயே செல்கின்றது. இத்தகைய நூலைப் போற்றுதல் எளிது. எதன்பொருட்டுப் போற்றுதல் வேண்டும், எவ்விடத்தில் இது இக்கால மாணவனுக்கு அமையாது என ஆராய்தலே ஆசிரியர்க்குக் கடனாம்.

நாவலர் பேர்சிவல் பாதிரியாரோடு அமர்ந்து விவிலியத்தைத் தமிழாக்கும் பணியில் உழைத்தவர். சிறுவர் உள்ளத்திற் கிறித்தவக் கொள்கை வினாவிடை வாயிலாகப் பதிக்கப்படும் திறத்தை அணுகியிருந்து அறிந்தவர். 1848 இல் வண்ணார்பண்ணையிற் சைவப்பிரகாச வித்தியாசாலையைத் தொடக்கி, பாலபாடங்களை எழுதிய அப்பெரியார், அதே கருவியைச் சைவத்துக்கும் உரியதாக்கினார். பிறர் கைக்கருவியைத் தமக்கு ஏற்பத் தீட்டிக்கொண்ட இவ்வாண்மையே நூலின் முதற் சிறப்பு.

இரண்டாவது சிறப்பு அதன் வரன்முறை. முதற் புத்தகம் கடவுள், புண்ணிய பாவம், விபூதி, மூலமந்திரம், நித்திய கருமம், ஆலய தரிசனம் எனப் படிப்படியாகச் செல்கின்றது. இரண்டாம் புத்தகம் பதி, பசு, பாசம் என்னும் முப்பொருளில் தொடங்கி, விரதங்களைக் கூறி, அன்பினைப் பேசி முடிகின்றது. ஒரு சொல் மிகையாக வாராது. ஒரு விடையும் ஐயத்துக்கு இடமாக நில்லாது. கடல் போன்ற ஆகமப் பொருளைச் சிறுவன் கைக்கு அடங்கும் அளவாகச் சுருக்கித் தந்த உரைநடை அது.

இனி, குறை யாது? அது விடைகளில் இல்லை; வினவுவோரிடத்தே உள்ளது. இந்நூலில் வினவுபவர் ஆசிரியர், விடையிறுப்பவன் மாணாக்கன். நம் பழைய மரபு இதற்கு மறுதலை. மெய்கண்ட சாத்திரம் பதினான்கனுள் ஒன்றாகிய உண்மை விளக்கத்தில், திருவதிகை மனவாசகங்கடந்தார் மாணாக்கராக நின்று வினவ, மெய்கண்டார் விடை பகர்கின்றார். கடோபநிடதத்தில் நசிகேதன் என்னும் சிறுவன் யமனையே வினவி நிற்கின்றான். யமன் வேறு வரங்களைக் காட்டி மயக்கவும் அவன் தன் வினாவை விட்டானல்லன். ஐயம் மாணாக்கனுக்கு உரியது. தெளிவித்தல் ஆசானுக்கு உரியது. இவ்வுறவு தலைகீழாயினமையால், சிறுவன் தனக்கு எழாத வினாவுக்கு விடை கற்கின்றான். தனக்கு எழுந்த வினாவுக்கு விடையின்றி நிற்கின்றான்.

இதற்கு எம் நுரைச்சோலைக் கரையோரமே சான்று. இங்கு அனல்மின் நிலையம் 2011 இல் இயங்கத் தொடங்கிய பின், சாம்பல் என்பது சிறுவர்க்குப் பழகிய சொல்லாயிற்று. காற்றுக் காலத்தில் அது பறந்து வந்து படிவதாக ஊரவர் முறையிடுவதை அவர்கள் கேட்டு வளர்கின்றனர். "சாம்பல் தீங்காயின், திருநீறு எங்ஙனம் தூயது?" என்று ஒரு சிறுவன் வினவுவானாயின், அது பழித்தலன்று, நேரிய ஐயமே. முதற் புத்தகம் திருநீறு எதனாற் செய்யப்படுவது, எந்நிறத்தது, எத்திசை நோக்கி எவ்வாறு அணிதற்குரியது என்பவற்றை விளங்கக் கூறும். அது ஞானத்தீயினால் மலம் எரிக்கப்பட்டபின் எஞ்சும் தூய நிலைக்கு அறிகுறி என்னும் உட்பொருளோ, இரண்டாம் புத்தகத்திலேதான் வருகின்றது. செய்முறை சிறுவனுக்கு, காரணம் பெரியவனுக்கு என நூல் பிரித்து வைத்துவிட்டது. இரண்டாம் புத்தகத்தை எட்டாத மாணவர் வாழ்நாள் முழுதும் காரணம் அறியாமலே நீறணிவர்.

இரண்டாவது, எம் வகுப்பறையின் இயல்பு. இப்பகுதியில் இஸ்லாமியர் பெருந்தொகையினர். 1990 இல் வடபுலத்தினின்று வெளியேற்றப்பட்ட முஸ்லிம் மக்களுட் பலரும் இத்தீபகற்பத்திற் குடியேறினர். தலவில அன்னம்மாள் திருத்தலம் அண்மையில் உளது. எனவே சைவச் சிறுவன் தன் தோழரிடையே ஒருவனாக அன்றிச் சிலருள் ஒருவனாகவே அமர்ந்திருக்கின்றான். "உங்கட்கு எத்தனை கடவுள்?" என்று தோழன் கேட்பது பகைமையாலன்று, அறியும் ஆவலாலேயே. குர்ஆன் மதரசாவிலும் ஞாயிறு மறைக்கல்வியிலும் பயின்ற பிள்ளைகள் தத்தம் நெறி பற்றித் தயங்காது பேசுவர். சைவப் பிள்ளை வாளாவிருப்பின், அவ்வமைதி நாளடைவில் நாணமாகவும், நாணம் புறக்கணிப்பாகவும் மாறும். ஈண்டு நாவலர் நூல் நற்றுணையாகும். கடவுள் ஒருவரே என்பதை அது தொடக்கத்திலேயே நிலைநாட்டுகின்றது. இவ்வுறுதி அதன் அழியாப் பயன்.

மூன்றாவது வினாவுக்கோ நூலில் இடமே இல்லை. புத்தளத்துக்குத் தெற்கே உடப்பில் திரௌபதை அம்மன் ஆலயத்தில் ஆடித் திங்களில் தீமிதிப்பு நிகழ்கின்றது. இக்கரையோரப் பிள்ளைகள் கண்ணாற் கண்ட சமயம் அதுவே. பாரதக் கதையில் வரும் ஒரு பெண் தெய்வமானது எங்ஙனம்? தீயில் நடப்பது ஏன்? நாவலர் ஆகம நெறியை நிலைநாட்ட முயன்றவர். ஊர்த்தெய்வ வழிபாட்டில் உயிர்ப்பலியைக் கடிந்தவர். 2011 இல் முன்னேசுவரத்துப் பத்திரகாளி கோயிற் பலி நாடறிந்த வழக்காயபோது, கொலை பாவம் என்னும் அவர் போதனையின் வன்மையைப் பலர் உணர்ந்தனர். எனினும் பலியை விலக்குதல் வேறு. தாயர் நேர்ந்து நோன்பிருக்கும் அம்மனைப் பாடத்தினின்றே விலக்குதல் வேறு. புத்தகத்துச் சமயம் ஒன்றும் வீட்டுச் சமயம் பிறிதொன்றுமாகப் பிரியின், பிள்ளை இரண்டனுள் ஒன்றைப் பொய்யெனக் கருதும்.

அங்ஙனமாயின் பொதுப்பட எழுதிய நூல் போதாதோ எனின், போதாது. 1898 இல் காசியில் அன்னி பெசன்ட் அம்மையார் முன்னின்று நிறுவிய மத்திய இந்துக் கல்லூரி, சனாதன தருமப் பாடநூல்களை வெளியிட்டது. கொள்கை, சடங்கு, ஒழுக்கம் என மூன்றாகப் பகுக்கப்பட்டு, உட்பிரிவு வேற்றுமைகளைத் தவிர்த்து எழுதப்பட்டவை அவை. அகலமுடையவை, ஆயினும் எவ்வூரார்க்கும் பொதுவாக எழுதியது எவ்வூர்ப் பிள்ளைக்கும் தன் வீட்டைக் காட்டாது. தேவாரம் ஓதி நீறணியும் பிள்ளைக்கு நாவலர் நூலின் குறுகிய வாயிலே உள்ளே புகுதற்கு எளியது.

ஆதலின் யாம் வேண்டுவது நூலைக் கைவிடுதலன்று. பயிற்றும் முறையைத் திருப்புதலாம். ஒவ்வொரு பாடத்தையும் மாணவன் செய்வது கொண்டு தொடங்குக: நீறணிதல், விளக்கேற்றல், கோயிலை வலம்வருதல், தீமிதிப்பைக் காணல். அவன் வினவும்வரை ஆசிரியர் பொறுத்திருக்க. வினா எழுந்தபின் நாவலரின் விடையைத் தருக. காரணம் இரண்டாம் புத்தகத்தில் உளதாயின் அதனை அன்றே எடுத்துரைக்க. நூலில் இல்லாததை ஊர்ப் பெரியோரைக் கேட்டுத் தெளிந்து உரைக்க.

மனனம் பயனற்றது என்பார் கூற்றை யாம் உடன்படேம். இளமையில் நாவில் நின்ற சொல் முதுமையில் உள்ளத்தில் விளங்குதல் உண்டு. ஆயினும் சொல்லை மட்டும் பெற்ற பிள்ளை, தோழன் ஒருவன் அன்போடு கேட்கும் ஒரு வினாவின்முன் வெறுங்கையனாய் நிற்பான். நாவலர் தம் காலத்துச் சிறுவனை அந்நிலையினின்று காத்தற்கே எழுதினார். நம் காலத்துச் சிறுவனை வினவவிடுதலே அவர் தொடங்கிய பணியைத் தொடர்தலாகும்.