தொலைபேசி வழி மனநல உதவி: ஒரு திறனாய்வு

திருக்கடையூர்க் கோயிலில் அறுபதாம் கல்யாணமும் சதாபிஷேகமும் நாள்தோறும் நடைபெறுவதை வாசகர் அறிவர். விழாவுக்கென அயல்நாட்டிலிருந்து வந்த பிள்ளைகள் சில நாட்களில் திரும்பிவிடுகின்றனர். அதன்பின் பெற்றோரோடு அவர்களை இணைப்பது கைப்பேசியின் சிறு திரையே. பெற்றோருள் ஒருவர் மறைந்து, எஞ்சியவர் உறக்கமும் உணவும் இழந்து வாடுவாராயின், அத்துயரையும் அக்கருவியிடமே கூறுமாறு இன்று அறிவுரை வழங்கப்படுகிறது. இவ்வழக்கத்தை மேய்ப்புப்பணியின் நோக்கில் ஆராய்தல் தகும்.

நடுவண் அரசு 2022 அக்டோபர் 10 ஆம் நாள் டெலி-மனஸ் திட்டத்தைத் தொடங்கியது. 14416 என்னும் எண்ணை இரவும் பகலும் கட்டணமின்றி அழைக்கலாம், தமிழிலேயே பேசலாம். இதனை இகழ்வாரோடு நாம் உடன்படுவதற்கில்லை. சிற்றூரில் ஒருவர் ஆயர் இல்லத்துக்கு இருமுறை சென்றாலே தெரு முழுவதும் காரணம் தேடும். மணமாகவேண்டிய மகளுள்ள வீட்டாரின் அச்சமோ சொல்லுந்தரமன்று. முகமறியாத ஒருவரிடம் மனந்திறக்கும் வாய்ப்பு அத்தகையோருக்குப் பெரும் ஆறுதலாகும். மனநோயைப் பேயின் செயலெனக் கூறிக் காலந்தாழ்த்துவது எல்லாச் சமயத்தாரிடத்தும் உள்ள வழக்கமே. 2001 ஆகஸ்டு 6 அன்று ஏர்வாடியில் சங்கிலியால் பிணைக்கப்பட்டிருந்தோர் உட்பட 28 பேர் தீக்கிரையாயினர். அதனை மறந்தவரே இத்தகைய உதவியை எள்ளி நகையாட இயலும்.

ஆயினும் மறுமுனையில் மனிதர் இருப்பதும் இயந்திரம் இருப்பதும் ஒன்றல்ல. செயற்கை நுண்ணறிவுச் செயலிகள் பல இன்று ஆலோசகரின் இடத்தைக் கோருகின்றன. இம்முயற்சி புதியதன்று. அமெரிக்கப் பேராசிரியர் ஜோசப் வைசன்பாம் 1966 இல் 'எலிசா' என்னும் கணிப்பொறி நிரலை வெளியிட்டார். (தீர்க்கதரிசியின் பெயரன்று, பெர்னாட் ஷாவின் நாடகப் பெண்ணின் பெயர்.) கார்ல் ரோஜர்ஸின் ஆலோசனை முறையைப் போன்று, கூறியவரின் சொற்களையே வினாவாக்கித் திருப்பித் தருவதே அதன் வேலை. அது உருவானதை அருகிருந்து கண்ட அவருடைய செயலரே, அதனோடு உரையாடத் தொடங்கியதும், தம்மைத் தனியே விட்டு வெளியேறுமாறு அவரை வேண்டினாராம். மனநல மருத்துவர் சிலர் இதனைச் சிகிச்சைக்கே பயன்படுத்தலாமெனக் கருதியது வைசன்பாமைத் திடுக்கிடச் செய்தது. 1976 இல் அவர் எழுதிய நூல் இதனை விரிவாகக் கண்டிக்கிறது. அச்செயலரின் வேண்டுகோள், இயந்திரம் புரிந்துகொண்டது என்பதற்குச் சான்றாகாது. தம் சொல்லுக்குச் செவிசாய்ப்பாரை மனிதர் எத்துணை ஏங்கித் தேடுகின்றனர் என்பதற்கே சான்றாகும்.

யோபின் நண்பர் ஏழு நாட்கள் பேசாது அவனோடு தரையில் அமர்ந்திருந்தனர். விடையளிக்கத் தொடங்கிய பின்னரே தவறினர். செயலியோ வாளாவிருக்க அறியாது. உடனே மறுமொழி தராத இயந்திரம் பழுதுற்றதாகவன்றோ கருதப்படும்! மேலும், 2017 ஆம் ஆண்டின் மனநலப் பராமரிப்புச் சட்டம் நோயுற்றோரின் செய்திகளை மறைவாகக் காக்கும் கடமையை மருத்துவப் பணியாளர்மேல் சுமத்துகிறது. வணிக நிறுவனத்தின் செயலியிடம் நள்ளிரவில் அழுது கூறியவை எவர் கையில் தங்குகின்றன என்பதைக் கூறியவர் அறியார்.

டெலி-மனஸ் ஈரடுக்கு அமைப்புடையது. முதலடுக்கில் ஆலோசகர் பேசுவர்; நேரில் சிகிச்சை தேவைப்படுவோரை மாவட்ட மனநலத் திட்டத்தோடும் மருத்துவக் கல்லூரிகளோடும் இணைப்பது இரண்டாமடுக்கு. நம் கணிப்பில் திட்டத்தின் உயிர்நிலை இதுவே. ஆனால் அழைப்புகளின் எண்ணிக்கையே பெரிதாகப் பறைசாற்றப்படுகிறது. அழைத்தவருள் எத்துணைப் பேர் மருத்துவர் முன் அமர்ந்தனர், மறுமாதமும் மருந்து பெற்றனர் என்பதன்றோ கேட்கற்பாலது? திருக்கடையூரிலிருந்து மயிலாடுதுறைக்குப் பேருந்து உண்டு. தளர்ந்த முதியவரை அதில் ஏற்றி, அரசு மருத்துவமனை வரிசையில் உடன் நின்று, மருந்துச் சீட்டைப் படித்துக் காட்டுவார் யார்? தொலைவிலுள்ள ஆலோசகரால் அஃது இயலாது.

இறையியல் மாணவர் 14416 என்னும் எண்ணோடு, தம் சபைக்கு அருகிலுள்ள அரசு மருத்துவமனையில் மனநலப் பிரிவு எந்நாளில் இயங்குகிறது என்பதையும் கேட்டுக் குறித்துக்கொள்வாராக. அந்நாளின் வீடு சந்திப்பை ஆயர் அப்பேருந்திலேயே நடத்தலாம்.