உருசிய மொழியும் இணையப் பாடங்களும்

உருசிய மொழியை விலையின்றிக் கற்பிக்கும் இணையப் பாடங்களுள் பெரிதும் பேசப்படுவது 2015ஆம் ஆண்டில் வெளிவந்த டுவோலிங்கோ உருசியப் பாடம். விதியைச் சிறிதே சொல்லி, வாக்கியங்களைத் திரும்பத் திரும்பப் பழக்குவது அதன் முறை. வேற்றுமை ஆறுதான், ஆயினும் ஈறுகள் பாலுக்கும் எண்ணுக்கும் ஏற்பத் திரியும் மொழியில் இம்முறை நெடுந்தொலைவு செல்லாது.

அதனினும் பெரிய இடர் ஒலியழுத்தம். 'ஸாமக்' எனின் கோட்டை. 'ஸமோக்' எனின் பூட்டு. எழுத்தோ இரண்டிற்கும் ஒன்றே! அழுத்தம் பெறாத ஒகரம் அகரமாகத் திரிதலின், 'மொலொகோ' என எழுதிய பாலை 'மலகோ' என்றே படித்தல் வேண்டும். வழக்கமான நூல்களில் அழுத்தக்குறி இராது. விக்சனரி அகராதியோ குறியிட்டு, வேற்றுமை அட்டவணையும் தருகின்றது. பாடமென்று பெயர் பெறாத இதுவே நல்லாசான். 2004இல் திறக்கப்பெற்ற உருசிய தேசியச் சொற்றொகுதி வளம் மிக்கது. முதலாண்டு மாணவர்க்கு அஃது ஆழ்கடல்.