வெப்பநிலைக் கருவியோடு பேசும் மோட்பஸ் ஆர்டியூ

கணினியையும் டெம்பரேச்சர் கன்ட்ரோலரையும் இணைக்கத் தொழிற்கூடங்களில் பரவலாகப் பயன்படும் தொடர் நெறிமுறை மோட்பஸ் ஆர்டியூ. மோடிகான் நிறுவனம், பிஎல்சி எனப்படும் தன் நிரல்வழிக் கட்டுப்பாட்டுக் கருவிகளுக்காக 1979இல் இதை வெளியிட்டது. உரிமத்தொகை கேட்காத திறந்த நெறிமுறை என்பதால் மற்ற தயாரிப்பாளர்களும் எடுத்துக்கொண்டார்கள். ஓம்ரானின் ஈ5சிசி வரிசையில் தகவல்தொடர்பு வசதியுள்ள மாடல்களிலும் இது உண்டு.

சோதித்துப் பார்க்கப் பெரிய செலவில்லை. ஆர்எஸ்-485 இணைப்புள்ள கருவி ஒன்று, யூஎஸ்பி மாற்றி ஒன்று, முறுக்கிய இரட்டைக் கம்பி, பைத்தானில் மினிமல்மோட்பஸ் நூலகம் இருந்தால் போதும். பழைய ஆர்எஸ்-232 ஒரு கணினியை ஒரு கருவியோடு மட்டும், ஏறத்தாழ 15 மீட்டருக்குள் இணைக்கும். ஆர்எஸ்-485 இரு கம்பிகளுக்கு இடையிலான மின்னழுத்த வேறுபாட்டைப் படிப்பதால் மோட்டார், ஹீட்டர் இரைச்சலுக்கு நடுவிலும் தாக்குப்பிடிக்கிறது. குறைந்த வேகத்தில் 1,200 மீட்டர் வரை போகும். ஒரே கம்பியில் வழக்கமாக 32 கருவிகள் வரை கோக்கலாம். நீண்ட கம்பியின் இரு முனைகளிலும் 120 ஓம் மின்தடை வேண்டும். ஏ, பி என்ற முனைப் பெயர்களை எல்லாத் தயாரிப்பாளர்களும் ஒரே பொருளில் அச்சிடுவதில்லை. பதில் வராவிட்டால் முதலில் கம்பிகளை மாற்றிப் போட்டுப் பார்க்கலாம், அதனால் கருவிக்குக் கெடுதல் இல்லை.

உரையாடலில் கணினி கேட்கும், கருவி பதில் சொல்லும். கருவி தானாக வாய் திறப்பதில்லை. ‘01 03 00 00 00 01’ என்பது ஒரு கேள்வி: 1ஆம் எண் கருவியே, 0 முகவரியிலிருந்து ஒரு ரெஜிஸ்டரை, அதாவது கருவியின் நினைவகத்தில் உள்ள ஒரு மதிப்பை, படித்துச் சொல். இதன் பின்னால் சிஆர்சி என்ற சரிபார்ப்பு எண் 2 பைட்டாகச் சேரும். ‘01 03 02 03 55’ என்று பதில் வந்தால், கடைசி இரண்டு பைட்டுகளும் பதினாறடிமான எண். சாதாரண எண்ணில் அது 853, ஒரு தசம இடம் வைத்தால் 85.3 டிகிரி. பதிலின் சிஆர்சியையும் சேர்த்தால் மொத்தப் பேச்சும் 15 பைட். கம்பியில் ஒரு பைட்டுக்கு 11 பிட் வீதம் 9,600 பாட் வேகத்தில் இது 17 மில்லிசெகண்டில் முடிகிறது. கருவி யோசிக்கும் நேரம் தனி. எஃப்டிடிஐ சில்லுள்ள யூஎஸ்பி மாற்றி இயல்பாக 16 மில்லிசெகண்ட் வரை தாமதிக்கும், அதைக் கணினியிலேயே குறைத்துவிடலாம். உலையின் சூடு மெதுவாகவே மாறுவதால் இந்த வேகம் தாராளம்.

பிழை தேடும்போது மௌனத்தையும் மறுப்பையும் பிரித்தறிய வேண்டும். பாட் வேகம், பேரிட்டி, கருவி எண், கம்பி ஆகியவற்றில் ஒன்று தவறினாலும் வருவது மௌனம்தான். ‘01 83 02’ என்று தொடங்கும் பதில் வந்தால் அவை அனைத்தும் சரி, கேட்ட ரெஜிஸ்டர் முகவரி மட்டும் தவறு. பெரும்பாலும் காரணம் ஒன்றுதான்: கையேட்டில் 40001 என்று அச்சிட்ட ரெஜிஸ்டர் கம்பியில் 0 என்றே போகிறது.

இந்த நெறிமுறையின் உண்மையான குறை, வெறும் எண்களை மட்டும் சுமப்பது. தசமப்புள்ளி எங்கே, அலகு என்ன, எதிர்ம எண்ணா என்பதை அது சொல்லாது. குளிரறையில் மைனஸ் 1.0 டிகிரி 65526 என்று வரும். குறியைக் கவனிக்காத மென்பொருள் அதை 6552.6 டிகிரி என்று காட்டும். கடவுச்சொல்லும் கிடையாது. கம்பியைத் தொட முடிந்தவர், கருவி எட்ட வேண்டிய வெப்பநிலையான செட் பாயிண்டையும் மாற்ற முடியும்.

படிப்பதில் ஆபத்தில்லை, எழுதுவதில் உண்டு. கணினி அனுப்பும் செட் பாயிண்டைப் பல கருவிகள் மின்சாரம் போனாலும் அழியாத நினைவகத்தில் பதிகின்றன. அந்த நினைவகத்துக்கு ஆயுள் வரம்பு உண்டு. ஈ5சிசிக்கு அது 10 லட்சம் முறை. நொடிக்கு ஒருமுறை புது மதிப்பு எழுதினால் 12 நாளுக்குள் அந்த எல்லை வந்துவிடும். படிப்படியாகச் சூடேற்றும் நிரல் எழுதுவோர் தற்காலிக நினைவகத்தில் மட்டும் எழுதும் முறை கருவியில் இருக்கிறதா என்று பார்த்து, அதை இயக்கிவிட்டே தொடங்க வேண்டும்.

இத்தனைக்குப் பிறகும் இந்த ஏற்பாடு நம்பத்தக்கதே. சூட்டைக் கட்டுப்படுத்தும் பிஐடி கணக்கைக் கன்ட்ரோலரே போடுகிறது. கணினி நின்றாலும் கம்பி அறுந்தாலும் கடைசியாகக் கொடுத்த செட் பாயிண்டில் சூடு நிலைத்திருக்கும். புதிதாகக் கருவி வாங்குவோர் விலையைக் கேட்கும் முன் ரெஜிஸ்டர் பட்டியல் உள்ள கையேட்டைக் கேட்டு வாங்கிப் படிக்கவும்.