திறமூலமும் வணிக மென்பொருளும்: மூன்று எழுத்துகளும் அவை விட்டுவைத்த கேள்வியும்

திறமூல மென்பொருள், வணிக மென்பொருள் ஆகிய இரண்டில் எது சிறந்தது என்ற விவாதம் கணினி உலகில் ஏறத்தாழ அரை நூற்றாண்டாக நடந்துவருகிறது. இரு தரப்பினரும் எடுத்துவைக்கும் வாதங்களில் பெரும்பாலானவை மூன்று எழுத்துகளிலிருந்து வந்தவை. 1976இல் பில் கேட்ஸ் எழுதிய திறந்த மடல், 1985இல் ரிச்சர்ட் ஸ்டால்மன் வெளியிட்ட குனூ கொள்கை அறிக்கை, 1997இல் எரிக் ரேமண்ட் முன்வைத்த ‘பேராலயமும் சந்தையும்’ என்ற கட்டுரை ஆகியவையே அவை. மென்பொருள் யாருக்குச் சொந்தம், அதை எப்படி உருவாக்க வேண்டும் என்ற கேள்விகளுக்கு இம்மூன்றும் தெளிவாக விடை கூறுகின்றன. உருவாக்கிய மென்பொருளை ஆண்டுக்கணக்கில் பேணுவது யார், அந்த உழைப்புக்குக் கூலி தருவது யார் என்ற கேள்விக்கு அவை தரும் விடை போதவில்லை. இணையம் 2014இலும் 2024இலும் சந்தித்த இரு நெருக்கடிகள் இக்குறையை வெளிக்காட்டின.

சொற்களில் உள்ள குழப்பம்

நிரலாளர் எழுதுவது மூலநிரல். அதைக் கணினி இயக்கக்கூடிய வடிவத்துக்கு மாற்றிய பிறகு மனிதர் படித்துப் புரிந்துகொள்வது மிகக் கடினம். கணக்குத் தேர்வில் வழிமுறையுடன் எழுதிய விடைத்தாளுக்கும், இறுதி விடையை மட்டும் எழுதிய தாளுக்கும் உள்ள வேறுபாட்டோடு இதை ஒப்பிடலாம். முதல் தாளில் தவறு எந்த வரியில் நேர்ந்தது என்று காட்டித் திருத்த முடியும். இரண்டாவது தாளை ஏற்கலாம் அல்லது மறுக்கலாம், அவ்வளவுதான். திறமூல மென்பொருள் வழிமுறையையும் சேர்த்துத் தருகிறது. வணிக மென்பொருள் பெரும்பாலும் விடையை மட்டும் தருகிறது.

ஆங்கிலத்தில் விலையில்லாமைக்கும் விடுதலைக்கும் ஒரே சொல் வழங்குவதால், இந்த இயக்கத்தார் பல ஆண்டுகளாக விளக்கம் சொல்லிக்கொண்டே இருக்க வேண்டியிருக்கிறது. தமிழில் ‘இலவசம்’, ‘கட்டற்ற’ என்று இரு வேறு சொற்கள் உள்ளன. ஆயினும் தமிழ் வாசகர்களிடையே கட்டற்ற மென்பொருள் என்றால் காசில்லாமல் கிடைப்பது என்ற எண்ணமே பரவலாக இருக்கிறது. இன்டர்நெட் எக்ஸ்புளோரர் உலாவி காசில்லாமல் கிடைத்தது. அதன் மூலநிரல் மூடப்பட்டிருந்தது. ரெட் ஹாட் நிறுவனத்தின் லினக்ஸ் திறமூலத்தில் அமைந்தது. அதை அந்நிறுவனம் ஆண்டுச் சந்தா பெற்றே வழங்குகிறது. விலையும் திறப்பும் வெவ்வேறு அளவுகோல்கள். இவ்விரண்டையும் குழப்பிக்கொள்பவர்களுக்குப் பராமரிப்புச் செலவு என்ற மூன்றாவது அளவுகோல் கண்ணில் படுவதே இல்லை.

கேட்ஸின் மடல் (1976)

ஆல்டேர் என்ற சிறு கணினிக்காக கேட்ஸும் பால் ஆலனும் உருவாக்கிய பேசிக் மென்பொருளைக் கணினி ஆர்வலர்கள் துளைநாடாக்களில் படியெடுத்து ஒருவருக்கொருவர் கொடுத்துவந்தனர். அதைக் கண்டித்து 1976 பிப்ரவரி 3 தேதியிட்ட மடலை கேட்ஸ் எழுதினார். அப்போது அவருக்கு வயது 20. ஆல்டேர் வைத்திருப்போரில் பத்து விழுக்காட்டுக்கும் குறைவானவர்களே பேசிக்கை விலைக்கு வாங்கினர் என்றும், தாங்கள் பயன்படுத்திய கணினி நேரத்தின் மதிப்பு 40,000 டாலருக்கு மேல் என்றும், கிடைத்த வருவாயைக் கணக்கிட்டால் மணிக்கு 2 டாலர்கூடத் தேறவில்லை என்றும் அவர் வாதிட்டார். பிழை தேடி, விளக்கக் குறிப்பும் எழுதி, அதையெல்லாம் சும்மா கொடுக்க யாரால் முடியும் என்பது அவர் கேள்வி.

மடலின் தொனி கடுமையானது. ஆர்வலர்களைத் திருடர்கள் என்றே அது சொல்கிறது. அதன் கணக்கிலும் ஓர் இடைவெளி உண்டு. பேசிக் மொழியை 1964இல் டார்ட்மவுத் கல்லூரியில் ஜான் கெமனியும் தாமஸ் குர்ட்ஸும் மாணவர்களுக்காக உருவாக்கினர். அவர்கள் பொதுவில் விட்ட மொழியின்மேல்தான் கேட்ஸின் வணிகம் நின்றது. அந்தக் கடனை மடல் குறிப்பிடவில்லை.

இருந்தாலும் மூன்று எழுத்துகளிலும் உழைப்புக்குக் கூலி என்ற பேச்சை முதலில் வைப்பது இதுதான். பிழை திருத்துவதும் விளக்கம் எழுதுவதும் வேலைதான் என்று அது நேராகச் சொல்கிறது. விற்பனை ஒன்றே அந்தக் கூலிக்கு வழி என்று நினைத்தது அதன் குறுகல். விலை கொடுத்து வாங்குபவர் ஒரு முறைதான் வாங்குகிறார். பிறகு அதே பொருளைத் தொடர்ந்து பேணுவதைவிட, அடுத்த பதிப்பை விற்பதில்தான் நிறுவனத்துக்கு வருவாய் இருக்கிறது.

ஸ்டால்மனின் அறிக்கை (1985)

எம்.ஐ.டி.யின் செயற்கை நுண்ணறிவு ஆய்வகத்தில் பணியாற்றிய ஸ்டால்மன், பழைய அச்சுப்பொறியின் நிரலைத் திருத்தி, தாள் சிக்கினால் பயனர்களுக்குத் தகவல் போகும்படி செய்திருந்தார். பின்னர் வந்த ஜெராக்ஸ் லேசர் அச்சுப்பொறிக்கு மூலநிரல் தரப்படவில்லை. தாள் சிக்கியது, அவரால் ஒன்றும் செய்ய முடியவில்லை. அவருடைய கொள்கை உருவானதற்கு இந்த நிகழ்வும் ஒரு காரணம். 1983 செப்டம்பரில் குனூ திட்டத்தை அறிவித்தார். 1985இல் கொள்கை அறிக்கை வெளிவந்தது. 1989இல் ஜி.பி.எல். உரிமம் பிறந்தது. திருத்திய நிரலைப் பிறருக்கு வழங்குபவர் அதே உரிமைகளையும் சேர்த்து வழங்க வேண்டும் என்பது அதன் நிபந்தனை.

பயனரின் உரிமையை முதலிடத்தில் வைத்தது இந்த அறிக்கையின் வலிமை. நிரலாளர் எப்படிப் பிழைப்பார் என்ற கேள்வியையும் அது ஒதுக்கவில்லை. பயிற்சி அளித்தல், உதவிச் சேவை என்று சில வழிகளைக் கூறுகிறது. கணினி பயன்படுத்துவோரிடம் ஒரு மென்பொருள் வரி வாங்கி, அதை மென்பொருள் உருவாக்கத்துக்குச் செலவிடலாம் என்ற யோசனையும் அதில் உண்டு. ஆனால் அறிக்கையின் பெரும்பகுதி ஒழுக்க வாதமே. வருமானம் குறைந்தாலும் விருப்பத்துக்காக நிரல் எழுதுவோர் இருப்பார்கள் என்ற நம்பிக்கையே அதில் மேலோங்கியிருக்கிறது. புதிதாக எழுதுவதற்கு விருப்பம் போதும். பத்தாண்டு பழைய நிரலில் பிறர் செய்த பிழையைத் தேடுவதற்கும் அது போதுமா என்பதை அறிக்கை ஆராயவில்லை.

ரேமண்டின் சந்தை (1997)

1997 மே மாதம் ஜெர்மனியில் நடந்த லினக்ஸ் மாநாட்டில் ரேமண்ட் தம் கட்டுரையை முன்வைத்தார். ஒரு சிறு குழு மூடிய கதவுக்குள் கட்டும் பேராலயம் ஒரு முறை. பலர் கூடிக் கலைந்து, ஆளுக்கொரு பங்கு சேர்க்கும் சந்தை மற்றொரு முறை. லினஸ் டோர்வால்ட்ஸ் 1991இல் தொடங்கிய லினக்ஸ் இரண்டாம் முறையில் வளர்ந்தது என்பது அவர் வாதம். பார்க்கும் கண்கள் போதுமான அளவு இருந்தால் எந்தப் பிழையும் யாராவது ஒருவருக்கு எளிதில் புலப்பட்டுவிடும் என்ற கருத்துக்கு ‘லினஸ் விதி’ என்று அவர் பெயரிட்டார். 1998 ஜனவரியில் நெட்ஸ்கேப் நிறுவனம் தன் உலாவியின் மூலநிரலைத் திறக்க முடிவு செய்ததில் இக்கட்டுரைக்குப் பங்கு உண்டு. திறமூலம் என்ற பெயர் வழக்குக்கு வந்ததும் அடுத்த மாதத்தில்தான்.

கட்டுரை சுவையானது, அதன் உவமைதான் ஓட்டை. சந்தை என்றால் கொடுக்கல் வாங்கல் உண்டு, குத்தகை உண்டு, கூட்டம் கலைந்த மறுநாள் குப்பை கூட்டுபவரும் உண்டு. ரேமண்டின் சந்தையில் இவர்களைக் காணோம். நல்ல மென்பொருள் எழுதுபவரின் சொந்தத் தேவையிலிருந்து பிறக்கிறது என்பது அவருடைய முதல் பாடம். இதற்குச் சான்றுகள் உண்டு. பார்வையற்றோருக்கான என்.வி.டி.ஏ. திரைவாசிப்பானை ஆஸ்திரேலியாவில் உருவாக்கியவர்கள் பார்வையற்ற நிரலாளர்களே. ஆனால் பிறர் எழுதிய பாதுகாப்பு நிரலை வரி வரியாகச் சரிபார்ப்பது யாருடைய சொந்தத் தேவை? 1999இல் எழுதிய மற்றொரு கட்டுரையில் ரேமண்ட் பொருளாதாரத்தைப் பேசினார். சேவையை விற்றுப் பிழைக்கலாம் என்று வழி காட்டினார். அது ரெட் ஹாட்டுக்குப் பொருந்தியது. பிற மென்பொருள்களுக்குள் மறைந்திருக்கும் சிறிய நிரல் தொகுப்புக்கு வாடிக்கையாளர் என்று யாரும் இல்லை.

ஹார்ட்பிளீட் (2014)

உலாவியில் தெரியும் பூட்டுச் சின்னத்துக்குப் பின்னால் மறையாக்கம் நடக்கிறது. உலகின் எண்ணற்ற இணைய வழங்கிகளில் அந்த வேலையைச் செய்துவந்தது ஓப்பன்எஸ்எஸ்எல் என்ற திறமூல மென்பொருள். 2012 மார்ச்சில் வெளியான அதன் பதிப்பில் ஒரு பிழை நுழைந்தது. எதிர்முனைக் கணினி இணைப்பில் இருக்கிறதா என்று அறிய ஒரு சிறு செய்தியும் அதன் நீளமும் அனுப்பப்படும். பெற்ற கணினி அதே செய்தியைத் திருப்பி அனுப்ப வேண்டும். சொல்லப்பட்ட நீளம் உண்மையா என்று நிரல் சரிபார்க்கவில்லை. நீளத்தைப் பொய்யாகக் கூட்டிச் சொன்னால், நினைவகத்தில் பக்கத்தில் இருப்பதையும் சேர்த்து 64 கிலோபைட் வரை வழங்கி அனுப்பிவிடும். அதில் கடவுச்சொல்லும் இருக்கலாம், மறைச்சாவியும் இருக்கலாம்.

2014 ஏப்ரல் 7 அன்று இது வெளியே தெரியும்வரை, ஈராண்டுகள் அந்த வரிகள் எல்லோர் கண்முன்னும் இருந்தன. அந்தத் திட்டத்துக்கு வந்த நன்கொடை ஆண்டுக்கு ஏறத்தாழ 2,000 டாலர். முழுநேரமாக உழைத்தவர் ஒருவர். கோடிக்கணக்கில் ஈட்டிய நிறுவனங்கள் அதன்மேல் வணிகம் நடத்தின.

லினஸ் விதி பொய்யாகவில்லை, கடைசியில் கண்கள்தாமே கண்டுபிடித்தன என்று சிலர் வாதிடுவர். கண்டுபிடித்தவர்கள் கூகுள் நிறுவனத்தின் பொறியாளர் ஒருவரும், பின்லாந்தின் கோடனோமிகான் நிறுவனத்தாரும். அவை சம்பளம் பெற்ற கண்கள். அதே மாதம் லினக்ஸ் அறக்கட்டளை ஒரு நிதித் திட்டத்தைத் தொடங்கியது. கூகுள், அமேசான், மைக்ரோசாப்ட் உள்ளிட்ட நிறுவனங்கள் அதற்குப் பணம் தந்தன. ஸ்டால்மன் சொன்ன வரி, கட்டாயமற்ற வடிவத்தில், 29 ஆண்டுகள் கழித்து வந்தது.

வணிகத் தரப்பின் கணக்கு

ஹார்ட்பிளீட் வெளியான மறுநாள், 2014 ஏப்ரல் 8 அன்று, மைக்ரோசாப்ட் தன் விண்டோஸ் எக்ஸ்பி இயங்குதளத்துக்கான ஆதரவை நிறுத்தியது. உலகெங்கும் பல ஏ.டி.எம். இயந்திரங்கள் அதில்தான் இயங்கின. இந்தியாவில் ஆதரவற்ற இயங்குதளங்களை ஏ.டி.எம்.களிலிருந்து படிப்படியாக நீக்கி 2019 ஜூனுக்குள் முடிக்க வேண்டும் என்று 2018இல் ரிசர்வ் வங்கி கெடு விதிக்க நேர்ந்தது. விலை கொடுத்து வாங்கியவருக்கும் மூலநிரல் கையில் இல்லை. தாமே திருத்தவோ வேறொருவரைக் கொண்டு திருத்தவோ வழியில்லை.

2017 மே மாதம் வான்னகிரை தாக்குதலில் பிரிட்டனின் அரசு மருத்துவமனைகளில் ஆயிரக்கணக்கான சிகிச்சை முன்பதிவுகள் ரத்தாயின. ஆதரவில் இருந்த பதிப்புகளுக்கான திருத்தத்தை மைக்ரோசாப்ட் இரண்டு மாதம் முன்பே தந்திருந்தது; பலர் நிறுவவில்லை. எக்ஸ்பிக்கான திருத்தத்தை எல்லோருக்குமாக வெளியிட்டது தாக்குதலுக்குப் பிறகுதான். உலாவிகளின் வரலாறும் இதையே சொல்கிறது. போட்டியில் வென்ற பிறகு இன்டர்நெட் எக்ஸ்புளோரரின் ஆறாம் பதிப்பு 2001 முதல் 2006 வரை அடுத்த பதிப்பின்றிக் கிடந்தது. மொசில்லாவின் ஃபயர்ஃபாக்ஸ் 2004இல் வந்து போட்டி தந்த பிறகே ஏழாம் பதிப்பு வெளியானது.

தமிழ்க் கணிமையும் இதற்குச் சான்று. 1990களில் தமிழ் எழுத்துருக்கள் தத்தமக்கென்று தனிக் குறியாக்கம் வைத்திருந்தன. ஒன்றில் தட்டச்சிட்டதை மற்றொன்றில் திறந்தால் புரியாத குறிகளே தெரியும். அந்த மென்பொருள் வழக்கொழிந்தபோது அதில் எழுதிய கோப்புகளும் படிக்க முடியாமல் போயின. பொதுத் தரமான ஒருங்குறி பரவிய பிறகே இந்த நிலை மாறியது. தமிழ்நாடு அரசு அதை 2010இல் ஆணையாக ஏற்றது.

எக்ஸ்இசட் (2024)

எக்ஸ்இசட் என்பது கோப்புகளைச் சுருக்கும் சிறிய திறமூல மென்பொருள். லினக்ஸ் கணினிகளில் பரவலாக உள்ளது. பல ஆண்டுகளாக அதை ஒருவரே ஊதியமின்றிப் பேணிவந்தார். ஜியா டான் என்ற பெயரில் வந்த ஒருவர் இரண்டாண்டுகளுக்கு மேல் உதவி செய்து நம்பிக்கை பெற்று, தாமும் பராமரிப்பாளராகி, 2024 பிப்ரவரியில் வெளியிட்ட பதிப்பில் பின்கதவு ஒன்றை மறைத்து வைத்தார். மைக்ரோசாப்டில் பணியாற்றும் ஆண்ட்ரெஸ் ஃப்ராயிண்ட், தொலைவிலிருந்து கணினிக்குள் நுழைவது வழக்கத்தைவிட அரை நொடி தாமதமாவதைக் கவனித்து, காரணம் தேடி, மார்ச் 29 அன்று அதை வெளிப்படுத்தினார். அந்தப் பதிப்பு பெரும்பாலான வழங்கிகளுக்குப் போய்ச் சேரும்முன் தடுக்கப்பட்டது.

மூலநிரல் திறந்திருந்ததால்தான் அவரால் காரணத்தைத் தேடிப் போக முடிந்தது. களைத்துப்போன ஒருவரின் தோளில் முழுச் சுமையும் இருந்ததால்தான் அந்நியர் உள்ளே வர முடிந்தது. திறமூலத்தின் வலிமையும் குறையும் ஒரே நிகழ்வில் தெரிந்தன.

மதிப்பீடு

மூன்று எழுத்துகளையும் சேர்த்துப் படிக்கும்போது, ஒன்றின் குறையை மற்றொன்று காட்டித் தருகிறது. கூலி வேண்டும் என்ற கேட்ஸ் பயனரை நிறுவனத்தின் தயவில் விட்டார். உரிமை வேண்டும் என்ற ஸ்டால்மன் கூலியைப் பின்னுக்குத் தள்ளினார். கூட்டு உழைப்பைப் போற்றிய ரேமண்ட், கூட்டம் எந்த வேலைக்கு வரும், எதற்கு வராது என்று பிரித்துப் பார்க்கவில்லை. ஆயினும் இரு தரப்பும் சமம் என்று முடிப்பது சரியாகாது. பராமரிப்பவர் விலகினால், திறமூலத்தில் மற்றொருவர் எடுத்து நடத்த வழி திறந்திருக்கிறது; மூடிய மென்பொருளில் அந்த வழி இல்லை. எடுத்து நடத்த ஆள் வருவார் என்பதற்குத்தான் உறுதி இல்லை.

ஆகவே ஒரு பள்ளியோ அலுவலகமோ மென்பொருளைத் தேர்ந்தெடுக்கும்போது விலைக்கு முன்னால் கேட்க வேண்டியவை உண்டு. பிழை வந்தால் திருத்துபவர் யார், எத்தனை ஆண்டுகளுக்கு? அவர் நிறுத்திவிட்டால் வேறொருவர் தொடர முடியுமா? நம் கோப்புகளைப் பொதுத் தரத்தில் வெளியே எடுக்க முடியுமா? காசில்லாமல் பயன்படுத்துகிறோம் என்றால், பணமாகவோ பிழை அறிக்கையாகவோ தமிழாக்கமாகவோ நாம் திருப்பித் தருவது என்ன?

ரேமண்டின் சந்தையைவிட நம் ஊர் ஏரி இதற்குப் பொருத்தமான உவமை. ஏரித் தண்ணீர் பாயும் நிலத்துக்காரர்கள் கூடி மதகைச் செப்பனிட்டு, வரத்துக்கால்வாயைத் தூர்வாரிய வழக்கத்துக்குக் குடிமராமத்து என்று பெயர். தண்ணீருக்கு விலை இல்லை; பாசனம் பெற்றவர்கள் வேலைக்கு ஆளனுப்பினார்கள். இன்று ஒவ்வொரு பெருநிறுவனமும் ஒவ்வோர் அரசு அலுவலகமும் திறமூலத்தின் பாசனத்தில்தான் இருக்கின்றன. மராமத்துக்கு ஆளனுப்பும் முறைதான் இன்னும் வழக்கமாகவில்லை.