எட்டு ஆரச் சக்கரம்

புகாட்டி டைப் 35 பந்தயக் காரில் என் கண் முதலில் போவது சக்கரத்துக்குத்தான். கார் வந்தது 1924-இல். கம்பி ஆரங்கள் கோலோச்சிய காலத்தில், அலுமினியத்தில் வார்த்த எட்டுத் தட்டை ஆரங்கள்! பிரேக் டிரம்மும் சக்கரத்துடன் ஒட்டியே இருக்கும். சக்கரத்தைக் கழற்றினால் பிரேக் ஷூ பளிச்சென்று வெளியே தெரியும், மெக்கானிக்குக்குக் கொண்டாட்டம்தான்.

இந்தக் காரை ஓட்டியவர்களில் செக் நாட்டு எலிஷ்கா யுன்கோவாவும் கணவர் செனெக்கும் உண்டு; இருவரும் புகாட்டி பிரியர்கள். கணவர்மேல் கொண்ட காதலே எலிஷ்காவை ஸ்டியரிங் பிடிக்கவைத்தது. 1928 மே, சிசிலியில் டார்கா ஃப்ளோரியோ பந்தயம்: சுற்றுக்கு 108 கிலோமீட்டர் மலைப்பாதை, மொத்தம் 5 சுற்று. பெரிய பெரிய ஓட்டுநர்களை மிரட்டி ஐந்தாவதாக வந்தார். அதே ஆண்டு ஜூலையில் நூர்பர்க்ரிங் பந்தய விபத்தில் செனெக் இறந்தார். எலிஷ்கா கார்களை விற்றார்; பந்தயத்தையும் விட்டார்.