அஞ்சத் தெரிந்த நாயகர்கள்: விடுமுறையில் பார்த்த ஐந்து படங்கள்

“சார், படம் செம லா! ஃபைட் எல்லாம் வேற லெவல். கண்டிப்பா பாருங்க.”

படம் எப்படி இருந்தது என்று மாணவர்களைக் கேட்டால் வருகிற பதில் பெரும்பாலும் இதுதான். பேசும்போது இது போதும். ஆனால் அதையே கட்டுரையாக எழுதச் சொன்னால் கதைச் சுருக்கம் மட்டும் இரண்டு பக்கம் வருகிறது. கடைசியில் ‘ஆகவே இது ஒரு சிறந்த படம்’ என்று முடிந்துவிடுகிறது.

போன தவணையில் ஐந்தாம் படிவ மாணவர்களிடம் ஒரு திரைப்பட விமர்சனம் எழுதி வரச் சொன்னேன். ஒரு மாணவன் ‘மாவீரன்’ பற்றி எழுதியிருந்தான். கதையைச் சொன்னது நாலே வரி. மீதியெல்லாம் அவன் குடியிருக்கும் அடுக்குமாடி வீட்டைப் பற்றி. லிப்ட் பழுதாகிக் கிடப்பது, கூரையில் தண்ணீர் கசிவது, அப்பா ஒவ்வொரு முறையும் “பரவால்ல விடு, அட்ஜஸ்ட் பண்ணிக்கலாம்” என்று சொல்வது. நான் சிவப்பு மையில் ‘தலைப்பை விட்டு விலகிவிட்டாய்’ என்று எழுதி, இருபதுக்கு ஒன்பது போட்டேன். உண்மையைச் சொன்னால், அந்தப் படத்தை அப்போது நான் பார்த்திருக்கவில்லை.

பள்ளி விடுமுறையில் வீட்டுப் பிள்ளைகளோடு உட்கார்ந்து ஐந்து படங்கள் பார்த்தேன். அடிதடி ஒன்று, பேய் இரண்டு, சூப்பர் ஹீரோ இரண்டு. எதுவும் புத்தம் புதிய படம் இல்லை. நான் பார்த்ததுதான் புதிது. கதை முடிவையும் சொல்லப்போகிறேன். இன்னும் பார்க்காதவர்கள் பார்த்துவிட்டு வந்து படியுங்கள்.

முதலில் ‘ஜெயிலர்’ (2023). நெல்சன் இயக்கம், ரஜினி. முத்துவேல் பாண்டியன் ஓய்வுபெற்ற தாத்தா. பேரனின் யூடியூப் வீடியோவுக்கு ஒத்தாசை செய்துகொண்டு வீட்டோடு அடங்கிக் கிடக்கிறார். சிலைக் கடத்தல் கும்பலைத் தேடிப் போன போலீஸ்கார மகன் காணாமல் போகிறான். அந்த இடம் வரைக்கும் ஒரு தகப்பனுடைய பயம் நம்மையும் தொற்றிக்கொள்கிறது. அதற்குப் பிறகு அவர் யார் என்பது வெளியே வருகிறது. மோகன்லால், சிவராஜ்குமார் என்று வெளிமாநில நண்பர்கள் வந்து நிற்கிறார்கள். வீட்டில் நாங்களும் விசில் அடித்தோம், பொய் சொல்வானேன்! ஆனால் அந்த நேரத்தில் எனக்குள் பயம் போய்விட்டது. இவருக்கு எதுவும் ஆகாது என்று தெரிந்துவிட்டால் சண்டையை வேடிக்கைதான் பார்க்க முடியும், பதற முடியாது. படம் மறுபடி என்னைப் பிடித்தது கடைசியில்தான். மகனே திருடர்களோடு சேர்ந்துவிட்டான் என்பது தெரிகிறது. துப்பாக்கிக்கு அசராத மனிதர், பெற்ற பிள்ளை மனம் மாறமாட்டானா என்று காத்து நிற்கிறார். மூன்று மணி நேரத்துக்குக் கொஞ்சம் குறைந்த படத்தில் எனக்கு மனசில் நின்றது அந்தச் சில நிமிடங்கள்தான்.

அடுத்து பேய்ப் படங்கள். அஜய் ஞானமுத்துவின் ‘டிமான்டி காலனி’ (2015) படத்தில் நான்கு நண்பர்கள் ஒரு பாழடைந்த வீட்டுக்குள் போய்விட்டுத் திரும்புகிறார்கள். அதற்குப் பிறகு படத்தின் பெரும்பகுதி ஒரே அறைக்குள்தான். தொலைக்காட்சிப் பெட்டியில் அவர்கள் சாகப்போகிற காட்சி அவர்களுக்கே ஓடுகிறது. என்ன நடக்கப்போகிறது என்பது தெரியும், தடுக்கத்தான் முடியவில்லை. திடீரென்று ‘டமால்’ என்று சத்தம் போட்டுப் பயமுறுத்துவது சுலபம். இது அப்படியில்லை, காத்திருக்க வைத்துப் பயமுறுத்துகிறது.

சுந்தர் சியின் ‘அரண்மனை 4’ (2024) அந்தச் சத்தத்தைத்தான் அதிகம் நம்புகிறது. நகைச்சுவை பாதி இடத்தில் எடுபடுகிறது, பாதி இடத்தில் இல்லை. ஆனாலும் அஸ்ஸாம் நாட்டார் கதைகளில் வரும் ‘பாக்’ என்ற உருமாறும் பேயைக் கொண்டுவந்தது புதுசு. பக்கத்தில் நிற்பது நம்ம ஆள்தானா என்ற சந்தேகத்தை விடவா பெரிய பயம்? செத்த பிறகும் பிள்ளைகளைக் காக்கத் தவிக்கும் தாயாகத் தமன்னா வருகிறார். பேய்ப் படத்தில் பேயே பயப்படுகிறது, தன் பிள்ளைகளுக்காக. அந்தக் காட்சிகள் மட்டும் சத்தம் இல்லாமலே வேலை செய்கின்றன.

‘மின்னல் முரளி’ (2021) பாசில் ஜோசப் இயக்கிய மலையாளப் படம், நாங்கள் தமிழில் பார்த்தோம். ஒரே ராத்திரியில் இரண்டு பேரை மின்னல் தாக்குகிறது. தையற்கடைப் பையன் ஜெய்சன் நாயகன் ஆகிறான். டீக்கடை ஷிபு வில்லன் ஆகிறான். சக்தி இரண்டு பேருக்கும் ஒன்றுதான். ஊர் ஒருவனைச் சேர்த்துக்கொண்டது, இன்னொருவனைக் கிறுக்கன் என்று ஒதுக்கியது. ஷிபுவாக நம்ம குரு சோமசுந்தரம். பல வருடம் காத்திருந்து கிடைத்த உஷாவையும் ஊர்க்காரர்கள் மூட்டிய தீயில் இழந்த பிறகுதான் அவன் முழுதாக வெறிபிடித்தவன் ஆகிறான். பக்கத்தில் உட்கார்ந்திருந்த என் அக்கா மகள், “மாமா, வில்லன்தான் பாவமா இருக்கு” என்றாள். அந்த ஒரு வரியில் ஒரு கட்டுரையே இருக்கிறது. ஏன் பாவம் என்று கேட்டால் போதும், மீதியை அவளே எழுதிவிடுவாள்.

கடைசியாக ‘மாவீரன்’ (2023). மடோன் அஷ்வின் இயக்கம். சிவகார்த்திகேயன் நடித்த சத்யா ஒரு பத்திரிகைக்குப் படக்கதை வரைகிறவன். அவன் வரையும் மாவீரன் எல்லாரையும் எதிர்ப்பான். வரைகிறவனோ யாரையும் எதிர்க்கமாட்டான். குடிசையிலிருந்து மாற்றப்பட்டு ‘மக்கள் மாளிகை’ என்ற புதுக் கட்டடத்துக்கு வருகிறார்கள். பேர்தான் மாளிகை. சுவர் உதிர்கிறது, கதவு கழன்று விழுகிறது. அம்மா (சரிதா) கொதிக்கிறார். பிள்ளை ஒதுங்கிப் போகப் பார்க்கிறான். பிறகு ஒரு சம்பவத்துக்கு அப்புறம் அவனுக்கு மட்டும் ஒரு குரல் கேட்கத் தொடங்குகிறது, விஜய் சேதுபதியின் குரல். ‘மாவீரன்’ இப்போது என்ன செய்கிறான் என்று அது கதை சொல்லச் சொல்ல, இவன் மேலே பார்த்துக்கொண்டே நடுங்கியபடி அமைச்சரோடு மோதுகிறான்.

குறை இல்லாமல் இல்லை. இரண்டாம் பாதி கொஞ்சம் இழுக்கிறது. மிஷ்கின் நடித்த அமைச்சருக்குக் கோபத்தைத் தவிர அதிகம் கொடுக்கவில்லை. ஆனால் படத்தின் மையம் உறுதியாக இருக்கிறது. சத்யாவுக்குப் பறக்கத் தெரியாது. பயம் கடைசி வரை போகவும் இல்லை. கதைப்படி மாவீரன் சாகப்போகிறான் என்று தெரிந்தும், இடியும் கட்டடத்திலிருந்து மக்களைக் காப்பாற்ற ஓடுகிறான். பயத்தோடு ஓடுவதால்தான் அது வீரம்.

இங்கே எனக்குத் தொல்காப்பியம் ஞாபகம் வந்தது. மெய்ப்பாட்டியலில் அச்சம் நான்கு வழியில் பிறக்கும் என்று இருக்கிறது: அணங்கு, விலங்கு, கள்வர், தம் இறை. நான் பார்த்த ஐந்து படங்களையும் இதில் பொருத்திப் பாருங்கள். டிமான்டி காலனியும் அரண்மனையும் அணங்கு. ஜெயிலரின் சிலைத் திருடர்கள் கள்வர். மாவீரனில் அமைச்சர், அதாவது மேலே இருந்து நம்மை ஆள்பவர், அது இறை. மின்னல் முரளி மட்டும் எதிலும் நேராக அடங்கவில்லை. அங்கே ஊர் ஷிபுவுக்குப் பயப்படுகிறது, ஷிபு தனிமைக்குப் பயப்படுகிறான். இப்படி அடங்காமல் போவதும் விமர்சனத்தில் எழுத வேண்டிய விஷயம்தான். அதே மெய்ப்பாட்டியல் பெருமிதத்துக்குச் சொல்லும் நான்கில் தறுகண், அதாவது அஞ்சாமையும் ஒன்று. அச்சம் என்று ஒன்று இல்லாத இடத்தில் தறுகண்ணுக்கு என்ன வேலை? அஞ்ச வேண்டியதற்கு அஞ்சாமல் இருப்பது பேதைமை என்று வள்ளுவரும் சொல்லியிருக்கிறார்.

படம் முடிந்ததும் அந்த மாணவனின் கட்டுரையைத்தான் நினைத்தேன். அவன் தலைப்பை விட்டு விலகவில்லை. படம் எதைப் பற்றியதோ அதைத்தான் எழுதியிருந்தான். ‘அட்ஜஸ்ட் பண்ணிக்கலாம்’ என்ற அப்பாவின் சொல்லில் இருந்த பயத்தை அவன் சத்யாவிடம் பார்த்திருக்கிறான். அவனிடம் இல்லாதது ஒன்றே ஒன்று: இரண்டையும் இணைக்கிற ஒரு வாக்கியம். அதைச் சொல்லிக் கொடுப்பது என் வேலை. நான் செய்தது சிவப்பு மையில் ஒரு வரி.

பள்ளி திறந்ததும் அவனைக் கூப்பிட்டு, “நான் தப்பா திருத்திட்டேன்பா, திரும்ப எழுதறியா?” என்று கேட்டேன். கொஞ்ச நேரம் பேசாமல் நின்றான். “சார், வீட்டைப் பத்தி எழுதலாமா?” என்றான். எழுதலாம் என்றேன். மாணவனுக்கு ஆசிரியரும் ஓர் ‘இறை’தான் என்பது அப்போதுதான் எனக்கு உறைத்தது.

தேர்வுக்குத் தயாராகும் பிள்ளைகளுக்கு மூன்று குறிப்பு:

1. கதையை ஐந்து வரிக்குள் முடியுங்கள். திருத்துபவர் தேடுவது உங்கள் கருத்தை.

2. ‘சூப்பர்’, ‘மொக்கை’ என்று தோன்றினால் உடனே ‘ஏன்?’ என்று கேளுங்கள். பதிலுக்கு ஒரு காட்சியைக் காட்டுங்கள்.

3. நாயகன் எதற்குப் பயப்படுகிறான் என்று தேடுங்கள். அது கிடைத்துவிட்டால் முதல் பத்தி தயார். கிடைக்கவே இல்லை என்றால், அந்தப் படத்தின் குறையும் அதுவாகத்தான் இருக்கும். அதையே எழுதுங்கள்.

ஆசிரியர்களுக்கு ஒன்றுதான்: மாணவர் எழுதிய படத்தை நாம் பார்க்கவில்லை என்றால், சிவப்புப் பேனாவைக் கொஞ்சம் மூடி வைப்போம்.