தேயாத எழுதுகோல்கள்

அரபு எழுத்தணிக் கலையின்பால் நம் இளைஞர்களிடையே அண்மைக் காலமாக ஓர் ஆர்வம் அரும்பியிருக்கிறது. ஓய்வு நேரத்துப் பொழுதுபோக்காகவே பலர் இதனை மேற்கொண்டுள்ளனர். மகிழத்தக்க செய்திதான். அச்சிட்ட படத்தை வாங்கிச் சுவரில் மாட்டுவதோடு அமையாமல், தம் கையாலேயே ஓர் அலிஃபை நிமிர்த்திப் பார்க்க வேண்டும் என்னும் வேட்கை நல்லதன்றோ? ஆயினும் இவர்களுள் சிலருடைய மேசைகளைக் கண்ட பின்னர் நம் மனத்தில் எழுந்த கவலையைச் சொல்லாமல் இருக்க இயலவில்லை.

அம்மேசைகளின் மேல் என்னென்ன இருக்கின்றன? ஈரான் நாட்டின் திஸ்ஃபூல் நாணல் ஒரு கட்டு. பனையினத்து மரமொன்றின் வன்மையான குச்சியிலிருந்து செய்யப்படும் ஜாவாப் பேனாக்கள். துருக்கியிலிருந்து தருவித்த மை, குப்பி குப்பியாக. மைக்கூட்டினுள் இடுவதற்குப் பட்டு நூல். நாணலின் நுனியை வைத்து வெட்டுவதற்கு எலும்பால் ஆன சிறு பலகை. முட்டையின் வெண்கருவும் படிகாரமும் பூசி, மெருகுக்கல்லால் தேய்த்துப் பதப்படுத்திய தாள். எல்லாம் கண்ணைப் பறிக்கும் ஒழுங்கில் அடுக்கப்பட்டுள்ளன. எழுதியது எங்கே என்று கேட்டால், ஏதோ ஒரு மூலையிலிருந்து இரண்டு மூன்று தாள்கள் வெளிவருகின்றன. அவற்றில் 'பா' என்னும் எழுத்து ஏழெட்டு முறை எழுதப்பட்டிருக்கிறது. ஒவ்வொன்றின் அடியிலும் இன்ன நாணல், இன்ன மை, இன்ன தாள் என்னும் குறிப்பு. எழுத்தின் வளைவு ஏன் பிழைத்தது என்பது பற்றி ஒரு குறிப்பும் இல்லை!

இந்நோய் எழுத்தணிக்கு மட்டும் உரியதன்று. ஊற்றுப்பேனா சேர்க்கும் அன்பர்கள் புதுப் பேனாவில் மை நிரப்பியதும் முதலில் எழுதுவது அப்பேனாவின் பெயரை. அடுத்து மையின் பெயரை. பல பேனாக்கள் தம் பெயரைத் தாமே எழுதிக்கொண்டு பெட்டிக்குள் ஓய்வு பெற்றுவிடுகின்றன. புகைப்படக் கருவிப் பித்தர்களோ வில்லையின் கூர்மையைச் சோதிக்கச் செங்கற் சுவரைப் படம் பிடிக்கின்றனர். சுவருக்கு முன்னே நடந்து செல்லும் மனிதனைப் பிடிப்பதில்லை. நாம் ஓரளவு அறிந்தது எழுதுகோல் என்பதால் அதனோடு நிற்போம்.

இவ்வாறு நாம் குறைகூறக் கேட்ட இளைஞர் ஒருவர் அழகாக வாதிட்டார். "முன்னோர் மட்டும் கருவிகளைப் போற்றவில்லையா, ஹஜ்ரத்? அல் கல்கஷந்தீ எத்தனைக் கருவிகளைப் பட்டியலிட்டிருக்கிறார்?" என்றார். கேள்வி நியாயமானது. கெய்ரோவில் மம்லூக் சுல்தான்களின் கடிதச் சாலையில் பணியாற்றிய அல் கல்கஷந்தீ, 1412இல் எழுதி முடித்த 'ஸுப்ஹுல் அஃஷா' என்னும் பெருநூலில், மைக்கூட்டைச் சார்ந்த 17 கருவிகளைக் கூறுகிறார். அவை அனைத்தின் பெயரும் 'மீம்' எழுத்திலேயே தொடங்குவது ஒரு வேடிக்கை. பேனா வைக்கும் உறை மிக்லமா, நுனி வெட்டும் பலகை மிகத்து, பேனா துடைக்கும் துணி மிம்ஸஹா, ஈரம் உறிஞ்ச மணல் தூவும் பேழை மிர்மலா, கோடிடும் மிஸ்தரா, கத்தியைத் தீட்டும் மிஸன் என்று பட்டியல் நீள்கிறது.

ஆனால் நம் இளைஞர் இரண்டைக் கவனிக்கவில்லை. அந்நூல் 14 தொகுதிகளாக அச்சாகியுள்ளது. கருவிகளைப் பற்றிய பகுதி அவற்றுள் மிகச் சிறியது. எஞ்சியவை, அரசருக்கு எப்படி எழுதுவது, ஆளுநர் நியமனத்தை எப்படி எழுதுவது, உடன்படிக்கையை எப்படி எழுதுவது, எழுதுகிறவன் எந்தெந்த நாடுகளையும் குலங்களையும் அறிந்திருக்க வேண்டும் என்பன போன்றவை. இது முதலாவது. இரண்டாவது, இலக்கணச் செய்தி. மீம் தொடக்கம் தற்செயலானதன்று. அரபியில் வினையிலிருந்து பிறக்கும் கருவிப்பெயர் மீமில் தொடங்கும். இதனை 'இஸ்முல் ஆலா' என்று ஸர்ஃபு பாடத்தில் சிறுவர்களுக்குக் கற்பிக்கிறோம். துடைத்தல் இருப்பதால் மிம்ஸஹா. கோடிடுதல் இருப்பதால் மிஸ்தரா. செயல் முன்னே, கருவி பின்னே.

'கலம்' என்னும் சொல்லுக்கோ இன்னும் நுட்பமான வரலாறு உண்டு. சீவிய பின்னரே அது கலம். சீவாதவரை அது வெறும் கஸப், அதாவது நாணல் என்று அரபு அகராதியாளர் வரையறுப்பர். தமிழும் இங்கே துணைக்கு வருகிறது. 'எழுதுகோல்' என்பது வினைத்தொகை. எழுதிய கோல், எழுதுகின்ற கோல், எழுதும் கோல் என முக்காலமும் அதனுள் மறைந்து நிற்கும். நேற்றும் எழுதவில்லை, இன்றும் எழுதவில்லை, நாளை எழுதும் உறுதியும் இல்லை என்றால், இலக்கணப்படி எஞ்சுவது கோல் மட்டுமே. கட்டுப் பிரிக்கப்படாத திஸ்ஃபூல் நாணலுக்குக் கலம் என்று பெயரிட அரபியும் இசையாது, தமிழும் இசையாது.

எழுத்தணிக் கலையின் அளவுமுறையைச் சிந்தித்தாலும் இவ்வுண்மை புலப்படும். அப்பாஸியர் ஆட்சியில் மும்முறை அமைச்சராயிருந்து 940இல் மறைந்த இப்னு முக்லாவின் பெயரோடு இணைத்துக் கூறப்படும் முறை அது. பேனாவின் நுனியைத் தாளில் பதித்தால் சாய்சதுரமாக ஒரு புள்ளி விழும். அப்புள்ளிதான் நுக்தா. அலிஃபின் உயரம் இத்தனை நுக்தா, 'நூன்' எழுத்தின் குடைவு இத்தனை நுக்தா என்று எல்லா எழுத்தும் அதனாலேயே அளக்கப்படும். எந்தப் பேனாவை எடுக்கிறோமோ அதன் புள்ளியே அளவுகோல். அகன்ற பேனாவுக்குப் பெரிய அலிஃப், குறுகிய பேனாவுக்குச் சிறிய அலிஃப், விகிதம் ஒன்றே. விலை உயர்ந்த நாணலுக்குத் தனி விகிதத்தை எந்த உஸ்தாதும் கற்பித்ததாக நாம் அறியோம்.

மேலோர் கருவியை விரும்பவில்லை என்று சொல்ல வரவில்லை. விரும்பினார்கள், ஏன் விரும்பினார்கள் என்பதே வினா. புவைஹிய மன்னர் பஹாவுத் தவ்லாவின் ஷீராஸ் நூலகத்தில் இப்னுல் பவ்வாப் பொறுப்பாளராக இருந்தபோது நிகழ்ந்ததாக ஒரு செய்தி உண்டு. இப்னு முக்லாவின் கையால் எழுதப்பட்ட முஸ்ஹஃபின் 30 பாகங்களுள் ஒன்று காணாமற் போயிருந்தது. இப்னுல் பவ்வாப் பழைய தாளைத் தேடியெடுத்து, குறைந்த பாகத்தைத் தாமே எழுதிச் சேர்த்துவிட்டார். எது புதியது என்று மன்னரால் கண்டுபிடிக்க முடியவில்லை. வாக்களித்த 100 தீனாரும் மரியாதை அங்கியும் வந்து சேராமல் காலம் கடந்தது. அப்போது அவர் பொற்காசைக் கேட்கவில்லை. நூலகத்தில் கிடந்த பழைய வெற்றுத் தாள்களைக் கேட்டுப் பெற்றார். பல ஆண்டுகள் அவற்றில் எழுதித் தீர்த்தார். நல்ல தாளின் மேல் அவருக்கிருந்த ஆசை நம் இளைஞருடைய ஆசைக்குக் குறைந்ததா? இல்லை. ஆனால் அவர் ஆசைப்பட்ட தாள் மிஞ்சவில்லை. ஹிஜ்ரி 391இல் அவர் எழுதிய குர்ஆன் பிரதி ஒன்று டப்ளின் நகரத்துச் செஸ்டர் பீட்டி நூலகத்தில் இன்றும் இருக்கிறது.

1258இல் மங்கோலியர் பக்தாதைச் சூறையாடியபோது யாகூத் அல் முஸ்தஃஸிமீ ஒரு மினாராவில் ஒளிந்துகொண்டு, தாள் இல்லாமையால் துணியில் எழுதிப் பயின்றார் என்பர். நம் சென்னையிலேயே, திருவல்லிக்கேணியில் 1927இல் தொடங்கப்பட்ட 'முஸல்மான்' உருது நாளிதழைக் கணினி எழுத்துகள் வந்த பின்னரும் பல்லாண்டுக் காலம் காத்திபுகள் கையாலேயே எழுதினர். நான்கு பக்கங்கள்; மாலைக்குள் முடித்தாக வேண்டும். கடைசி நேரச் செய்திக்கென முதற்பக்கத்தில் ஒரு மூலையை வெறுமையாக விட்டு வைப்பார்களாம். இந்த மைக்கு இந்தத் தாள் ஒத்துவருமா என்று ஒரு வாரம் ஆராய அவர்களுக்கு நேரம் ஏது?

ஒரு நீதியைக் கூறாமல் விடலாகாது. மட்டமான கருவி பயில்வோனைக் கெடுக்கும். பதப்படுத்தாத தாளில் மை மயிரிழை மயிரிழையாகப் பரவும். எழுத்தின் விளிம்பு உடையும். மழுங்கிய கத்தி நாணலைப் பிளந்துவிடும். நுனியின் சாய்வு தவறினால் கையும் தவறாகவே பழகும். அதனாலன்றோ தொடக்க மாணவனுக்கு உஸ்தாதே பேனாவைச் சீவிக் கொடுக்கும் வழக்கம் ஏற்பட்டது! ஆகவே நல்ல கருவி வேண்டாம் என்பது நம் கட்சியன்று. ஒரு வரம்புக்கு மேல் கருவி கைக்குத் துணையாவதற்குப் பதிலாகக் கையை அச்சுறுத்தத் தொடங்குகிறது என்பதே நாம் கண்டது.

நம்மிடம் எழுதப் பயின்ற ஒருவர், பெயர் வேண்டாம். மத்ரஸாவில் மூங்கில் சிம்பைச் சீவி, கணக்கு நோட்டின் பின்பக்கத்தில் எழுதுவார். அவருடைய நூன் எழுத்தின் குடைவைக் கண்டு நாமே வியந்ததுண்டு. பின்னர் வளைகுடா நாடொன்றில் நல்ல ஊதியத்தில் அமர்ந்தார். விடுமுறையில் வந்தபோது தம் சேகரிப்பைக் கொண்டுவந்து காட்டினார். ஒரு வரி எழுதும்படி கேட்டோம். "இந்தத் தாளுக்கு இன்னும் ஓராண்டு முதிர்ச்சி வேண்டும், ஹஜ்ரத்" என்றார். அடுத்த விடுமுறையில், ஊரின் ஈரக்காற்று மைக்கு ஆகாது என்றார். தாளின் விலை அவருடைய கையைக் கட்டிப் போட்டிருந்தது என்பதைப் பிறகே உணர்ந்தோம். பிழைக்க அஞ்சும் கை எவ்வாறு எழுதும்? பாரசீகத்தில் 'ஸியாஹ் மஷ்க்' என்றொரு முறை உண்டு. எழுதியதன் மேலேயே மீண்டும் மீண்டும் எழுதி, தாள் முழுவதும் கறுத்துப்போகும் வரை பயில்வது. அந்தக் கறுப்புத் தாள்களையே இன்று அருங்காட்சியகங்கள் கண்ணாடிக்குள் வைத்துப் போற்றுகின்றன. வெளுத்த தாளை அடுக்கி வைத்தவரை யார் போற்றுகிறார்?

கருவி வாங்குவதில் ஒரு நிறைவு உண்டு. பணம் கொடுத்தால் அன்றே முடிந்துவிடும். பெட்டியைத் திறப்பதைக் கைபேசியில் படம் பிடித்துக் காட்டினால் நூறு பேர் பாராட்டுவர். ஒரு 'ஹா' எழுத்தோ ஆறு மாதம் இழுத்தடிக்கும். முடிவில் உஸ்தாத் சிவப்பு மையால் திருத்திக் கையில் திருப்பிக் கொடுப்பார். மனம் எளியதை நாடுகிறது. நாடட்டும், ஆனால் அதற்குக் கலை என்று பெயர் சூட்டும்போதுதான் நாம் மறுக்கிறோம்.

1201இல் பக்தாதில் மறைந்த இமாம் இப்னுல் ஜவ்ஸீ, ஹதீஸ் எழுதிய பேனாக்களைச் சீவிய துகள்களைச் சேர்த்து வைத்திருந்தார். தம் ஜனாஸாவைக் குளிப்பாட்டும் நீரை அவற்றால் காய்ச்சும்படி வஸிய்யத் செய்தார். அவ்வாறே செய்தபோது துகள்கள் போதியதோடு மிஞ்சவும் செய்தன என்று வரலாற்றாசிரியர் எழுதுகின்றனர். அவர் சேர்த்தது பேனாவையன்று, பேனா தேய்ந்ததை.

நம் கவலைக்கு அடிப்படையான செய்திக்கு இப்போது வருகிறோம். காயல்பட்டினம், கீழக்கரை முதலிய ஊர்களின் பழைய வீடுகளிலும், இலங்கையின் கரையோர ஊர்களிலும் அரபுத்தமிழ்க் கையெழுத்து ஏடுகள் இன்னும் மரப்பெட்டிகளில் கிடக்கின்றன. அரபியில் இல்லாத தமிழ் ஒலிகளுக்காகப் புள்ளிகள் கூட்டி நம் முன்னோர் அமைத்த எழுத்து அது. மஸ்அலாக்கள், மாலைகள், மருத்துவக் குறிப்புகள் எல்லாம் அவ்வெழுத்தில் உள்ளன. சில கல்லச்சில் ஏறிப் பிழைத்தன. மற்றவை ஒரே பிரதியாக நிற்கின்றன. தாள் நொறுங்குகிறது, பூச்சி அரிக்கிறது. வாசிக்கத் தெரிந்த முதியவர்கள் ஒருவர் பின் ஒருவராக மறைந்து வருகிறார்கள். அரபு எழுத்தின் வடிவமும் தமிழின் ஒலியும் ஒருங்கே கைவந்த இளைஞர்கள் அல்லவா இவற்றைப் படியெடுக்கத் தகுதி வாய்ந்தவர்கள்? அவர்களுடைய மேசையில்தான் 12 குப்பி மை திறக்கப்படாமல் இருக்கிறது.

வீட்டில் இத்தகைய ஏடு வைத்திருக்கும் குடும்பத்தார், பெரியவர் ஒருவரைப் பக்கத்தில் அமர்த்தி வாசிக்கச் செய்து, எழுதத் தெரிந்த பிள்ளையிடம் பணியை ஒப்படைக்கலாம். நாளொன்றுக்கு ஒரு பக்கம் என்றால், 300 பக்க ஏடு ஓராண்டுக்குள் முடிந்துவிடும். ஒரு நாணலும், ஒரு கத்தியும், ஒரு குப்பி மையும் கொண்டு தொடங்கலாம். எழுதி முடிப்பதற்குள் எத்தனை நாணல் தேய்ந்தது என்பதை முடித்தவர் நமக்கு எழுதி அனுப்பட்டும். இவ்விதழிலேயே மகிழ்ச்சியுடன் வெளியிடச் சொல்வோம்.